1000 போட்டால் 8 வருகிறது, 50 ஆயிரம் போட்டால் முக்கோணம் வருகிறது: ஏடி9833 சைன் வேவ் ஜெனரேட்டர், உதவி தேவை

கொளத்தூர்_47கே:

வணக்கம். வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர், மைக் செட் சர்வீஸ் பண்ணுகிறேன். இத்தனை நாள் டெஸ்ட் டோனுக்கு மொபைலில் ஒரு ஆப்பைப் போட்டு ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஒயர் இழுத்துச் சமாளித்தேன். புதிதாக வாங்கிய போனில் ஜாக்கே இல்லை. சரி, குமிழைத் திருகித் திருகிப் பிடிக்கிற பழைய ரகமாக இல்லாமல், கீபேடில் எண்ணைத் தட்டினால் அந்த ஃப்ரீக்வென்சி வந்து நிற்கிற மாதிரி ஒன்றை நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினேன். 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை, 6 வோல்ட் பீக் டு பீக், எனக்கு இது போதும்.

கட்டியது இதுதான். ஏடி9833 மாட்யூல், அதாவது எண்ணாகச் சொன்ன ஃப்ரீக்வென்சியில் அலை கொடுக்கிற சிப், 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அதிலேயே இருக்கிறது. கண்ட்ரோலுக்கு ஆர்டுயினோ நானோ. மாட்யூல் அவுட்புட்டில் 0.6 வோல்ட்தான் வருகிறது, அதனால் ஒரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) டிஸ்க் கெபாசிட்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 10கே, பிறகு எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப்பில் (சிக்னலைப் பெரிதாக்கும் ஐசி) 10 மடங்கு கெயின். சப்ளைக்கு 12-0-12 டிரான்ஸ்பார்மர், பிளஸ் மைனஸ் 12 வோல்ட் ரெகுலேட்டர்கள் 7812, 7912. அலையைத் திரையில் பார்க்க ஸ்கோப் என்னிடம் இருப்பது டிஎஸ்ஓ138 கிட் மட்டும்தான்.

இணையத்தில் கிடைத்த லைப்ரரியைப் போட்டால் 1 கிலோஹெர்ட்ஸ் அழகாக வருகிறது. ஆனால் நானே கோடு எழுதினால்தான் மண்டை காய்கிறது. 1000 கொடுத்தால் ஸ்கோப்பில் புள்ளி நத்தை மாதிரி ஊர்கிறது, எண்ணிப் பார்த்தால் 8 ஹெர்ட்ஸ் பக்கம். 440 கொடுத்தாலும் அதே 8! 1600 கொடுத்தால் ஒன்றுமே இல்லை, நேர்கோடு. மாட்யூல் போய்விட்டது என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. லைப்ரரியோடு ஓட்டும்போது வேறு தொல்லை: 50 கிலோஹெர்ட்ஸ் போட்டால் சைன் முக்கோணமாகிவிடுகிறது, 6 வோல்ட் 3 ஆகிவிடுகிறது. கீழே 50 ஹெர்ட்ஸ் போட்டால் 2 வோல்ட்கூட வரவில்லை. இது போதாதென்று லேப்டாப் சார்ஜர் சொருகியிருந்தால் கோடு தடித்துப் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

தரமணி_பிட்:

ப்ரோ, மாட்யூல் இரண்டும் நல்லாத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை 16-ஆல் வகுத்து மீதி பாருங்கள். 1000-க்கு மீதி 8, 440-க்கும் 8, 1600-க்கு 0. உங்கள் கோடில் ஃப்ரீக்வென்சியை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கி 25000000-ஆல் வகுத்திருப்பீர்கள், அதுவும் அன்சைன்டு லாங்கில். அது 32 பிட். 28 பிட் அடுக்குக்கே போய்விடும், மேலே மிச்சம் 4 பிட், அதில் 15 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் போவதெல்லாம் வழிந்து கீழே கொட்டிவிடும், 16-இன் மீதி மட்டும் தங்கும். அதுதான் 1000 போட்டால் 8 வருகிற மர்மம். பெருக்குவதற்கு முன்னால் 64 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வகுத்த பிறகு 32-க்கு இறக்கிக்கொள்ளலாம். லைப்ரரியில் ஃப்ளோட் போட்டுக் கணக்குப் பண்ணியிருப்பார்கள், அதனால் தப்பித்தது.

சரிபார்க்க ஒரு எண்: 1000 ஹெர்ட்ஸுக்கு 10737 வர வேண்டும், ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 29எஃப்1. இந்த எண் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் இனிமேல் குழம்பாது. கபாலி கோயில் மாடவீதி ஒரு சுற்று சுற்றி வர 26,84,35,456 அடி, அதாவது 2-இன் 28-ஆம் அடுக்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப் ஒரு வினாடிக்கு 2.5 கோடி தடவை கால் எடுத்து வைக்கிறது, ஒவ்வொரு தடவையும் 10737 அடி தாண்டுகிறது. கணக்குப் போட்டால் வினாடிக்கு ஆயிரம் சுற்று. எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கான சைன் மதிப்பை உள்ளே இருக்கும் அட்டவணையிலிருந்து எடுத்து 10 பிட் டிஏசிக்கு, அதாவது எண்ணை வோல்டேஜாக மாற்றுகிற பகுதிக்கு, கொடுக்கிறது. ஒரு அடி கூட்டினால் 0.093 ஹெர்ட்ஸ் கூடும், அதற்குக் குறைந்து நகராது. உங்கள் வேலைக்கு இது தாராளம்.

நானோவும் சிப்பும் பேசிக்கொள்கிற எஸ்பிஐ ஒயர் முறையில் மோட் 2 வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மோட் 0 போட்டால் சில நேரம் ஓடும், சில நேரம் சம்பந்தமே இல்லாமல் எதையாவது கொடுக்கும். எஃப்சிங்க் காலைக் கீழே இறக்கி 16 பிட்டையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு அப்புறம்தான் மேலே தூக்க வேண்டும். இரண்டு பைட்டுக்கு நடுவில் தூக்கினால் போச்சு. வரிசை: முதலில் 2100, அப்புறம் கீழ் 14 பிட்டோடு 4000 சேர்த்து (1000 ஹெர்ட்ஸுக்கு இது 69எஃப்1), அப்புறம் மேல் 14 பிட்டோடு 4000 சேர்த்து, பிறகு ஃபேஸுக்கு (அலை தொடங்கும் இடம்) சி000, கடைசியில் 2000. எல்லாம் ஹெக்ஸ். அந்த முக்கோண விவகாரம் எனக்கு வராது, பெரியவர் யாராவது வருவார்.

ரிட்டயர்டு_ஆசிலேட்டர்:

பெரியவர் வந்துவிட்டேன். தம்பி, உன் முக்கோணமே தன் பெயரைச் சொல்கிறது. 50 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு 10 மைக்ரோ வினாடி. அதற்குள் உன் அவுட்புட் 3 வோல்ட் ஏறுகிறது. 3-ஐ 10-ஆல் வகுத்தால் மைக்ரோ வினாடிக்கு 0.3 வோல்ட். எல்எம்358 டேட்டாஷீட்டில் ஸ்லூ ரேட் என்று போட்டிருப்பதைப் பார், அதே எண்தான். அந்த ஐசியால் அதைவிட வேகமாக ஏற முடியாது. உள்ளே சைன் போட்டால் என்ன, அது ஏணி ஏறுகிற வேகத்தில்தான் ஏறும், அதனால் நேர்கோடாக ஏறி நேர்கோடாக இறங்கி முக்கோணமாகிவிடுகிறது. தேவை எவ்வளவு என்பதற்கு இரண்டு பை, ஃப்ரீக்வென்சி, பீக் வோல்டேஜ் மூன்றையும் பெருக்கு. 50 கிலோஹெர்ட்ஸ், 3 வோல்ட் பீக்குக்கு 0.94 வேண்டும். உன்னிடம் இருக்கிற 0.3-க்கு 16 கிலோஹெர்ட்ஸோடு சரி. 10 கிலோஹெர்ட்ஸில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறதே என்று விட்டிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. டிஎல்072 வாங்கிப் போடு, மைக்ரோ வினாடிக்கு 13 வோல்ட், கால் வரிசை அதேதான், சாக்கெட் போட்டிருந்தால் பிடுங்கிச் சொருக வேண்டியதுதான்.

50 ஹெர்ட்ஸில் குறைவது நீ போட்ட 104-ஆல். 0.1 மைக்ரோஃபாரடும் 10கே-வும் சேர்ந்தால் 159 ஹெர்ட்ஸில் வெட்ட ஆரம்பிக்கும், 50 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1 மைக்ரோ பாக்ஸ் கெபாசிட்டரும் 100கே-வும் போடு, 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். செராமிக் டிஸ்க் ஆடியோ வழியில் வேண்டாம், அது டிகப்ளிங்கில், அதாவது சப்ளை ஒயரின் இரைச்சலை வடிகட்டுகிற இடத்தில், இருக்கட்டும்.

இன்னொன்று, மாட்யூல் அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 நானோஃபாரட், அதாவது 102, போட்டுவிடு. சிப்புக்குள்ளேயே 200 ஓம் இருக்கிறது, அதோடு சேர்ந்து 800 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். 25 மெகாஹெர்ட்ஸ் கசிவு ஆப்-ஆம்ப்புக்குள் போகாமல் இருக்க இது போதும். பெரிய ஃபில்டரெல்லாம் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகிறவனுக்கு.

எல்லோரும் டிஜிட்டல் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், தம்பி. அந்தச் சிப் பிசகவே இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற ரெண்டு ரூபாய் கெபாசிட்டரும் ஆப்-ஆம்ப்பும்தான் அலையை அலையாக வைத்திருக்கிறது.

கொளத்தூர்_47கே:

பிட் ப்ரோ, 64 பிட் போட்டேன், 1000 போட்டால் 1000! மூன்று நாள் தூக்கம் போனது ஒரு வார்த்தைக்காக. மோட் 0-தான் வைத்திருந்தேன், அதையும் மாற்றிவிட்டேன். இப்போது என் கோடிலேயே ஓடுகிறது. மாடவீதி கணக்கைப் பக்கத்துப் பையனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஐயா, கெபாசிட்டர் மாற்றினேன், 50 ஹெர்ட்ஸிலும் 20-லும் 6 வோல்ட் நிற்கிறது. ஆனால் டிஎல்072 போட்டும் 50 கிலோஹெர்ட்ஸில் அதே முக்கோணம், அதே 3 வோல்ட். நேற்று சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் வாங்கினேன், நாலு பீஸ். நாலும் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் கணக்கில் ஏதாவது விட்டுவிட்டோமா?

ரிட்டயர்டு_ஆசிலேட்டர்:

கணக்கில் ஒன்றும் விடவில்லை. அதே 3 வோல்ட் என்றால் அதே 0.3 வோல்ட் வேகம். டிஎல்072 என்று எழுதியிருப்பது மேலே, உள்ளே இருப்பது வேறே. பழைய மார்க்கைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருப்பார்கள். ஐசி முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், தேய்த்த கோடு தெரிந்தாலும் தெரியும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தால் எழுத்து கையோடு வருகிறதா பார். ஒரு காலத்தில் கடை டேபிளில் உட்கார்ந்துகொண்டே டெஸ்ட் பண்ணி வாங்குவோம். இப்போது உன்னிடமே ஜெனரேட்டர் இருக்கிறது, இனி எந்த ஆப்-ஆம்ப் வாங்கினாலும் 50 கிலோஹெர்ட்ஸ் உள்ளே விட்டுப் பார்த்துவிடு.

சிந்தாதிரிப்பேட்டை_ஜங்ஷன்:

அடடா, எனக்கும் இது நடந்திருக்கிறது, எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் அடுத்த மாதம் போர்டு மாறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். ஐசிக்கு மெயின் ரோட்டைப் பார்த்த கடைகளைவிட நரசிங்கபுரம் தெருப் பக்கம் உள்ளே நுழைந்து, காம்பொனென்ட் மட்டுமே விற்கிற இடமாகப் பார்த்து, பில்லோடு கேளுங்கள். பில் கேட்டவுடனே சிலர் வேறு டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

லேப்டாப் சார்ஜர் விஷயம்: இரண்டு பின் சார்ஜர்தானே? அதில் எர்த் கிடையாது. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக மெயின்ஸ் கொஞ்சம் கசிந்து லேப்டாப் பாடி, யூஎஸ்பி கேபிள், நானோ, உங்கள் கிரவுண்ட் என்று வந்துவிடும். கோடு ஏற்றியதும் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு நானோவுக்குத் தனியாக 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) போட்டு அதே டிரான்ஸ்பார்மரிலிருந்து கொடுங்கள். கிரவுண்டை மட்டும் கவனியுங்கள்: நானோ, டிஸ்ப்ளே கிரவுண்ட் ஒரு ஒயர், ஆப்-ஆம்ப், அவுட்புட் சாக்கெட் கிரவுண்ட் இன்னொரு ஒயர், இரண்டும் சப்ளை ஃபில்டர் கெபாசிட்டர் காலில் மட்டுமே சந்திக்க வேண்டும். டாட் போர்டில் ஒரே கோட்டில் எல்லாவற்றையும் சால்டர் பண்ணினால் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ஆகிற சத்தம்கூட ஸ்பீக்கரில் கேட்கும்.

அப்புறம், வால்யூமையும் டிஜிட்டலாக வைத்துக்கொள்ளலாமே? ஏடி9833-இல் ஆம்ப்ளிடியூட் கண்ட்ரோல் கிடையாது. எம்சிபி41010 என்று ஒரு டிஜிட்டல் பாட் இருக்கிறது, 10கே, 256 படி, அதே எஸ்பிஐ ஒயர்களில் தொங்கவிடலாம், எந்தச் சிப்போடு பேசுகிறோம் என்று காட்டும் சிஎஸ் கால் மட்டும் தனி. நான் முதலில் அதை ஆப்-ஆம்ப்புக்குப் பின்னால் போட்டு அலையின் கீழ்ப் பாதியைச் சப்பையாக்கினேன். அந்தச் சிப்பின் காலில் கிரவுண்டுக்குக் கீழே, 5 வோல்டுக்கு மேலே எதுவும் வரக் கூடாது. அதனால் கப்ளிங் கெபாசிட்டருக்கு முன்னாலேயே, மாட்யூல் அவுட்புட்டிலேயே போடுங்கள். அங்கே சிக்னல் 0.04-லிருந்து 0.65 வோல்ட் வரை, எப்போதும் பிளஸ் பக்கம்தான், பிரச்சினை வராது. 200 ஓமுக்கு 10கே லோடு, 2 சதவீதம் குறையும், போகட்டும். இதற்கு எஸ்பிஐ மோட் 0, ஏடி9833-க்கு மோட் 2. ஒவ்வொரு தடவையும் மாற்றிவிட்டுப் பேச வேண்டும், மறந்தால் மறுபடியும் மூன்று நாள் தூக்கம் போகும்.

மயிலை_தம்பூரா:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள் இல்லை, பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். மாடவீதி என்றதும் படித்தேன். என் மாணவிகளுக்குச் சுருதி விலகினால் அலை அலையாகத் துடிப்பு வரும் என்று வாயால் சொன்னால் புரிவதில்லை. 5 கட்டைக்கு ஷட்ஜம் 196 என்றால் பஞ்சமம் ஒன்றரை மடங்கு, 294. கீபோர்டில் அந்த இடத்தில் இருப்பது 293.66. இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் மூன்று வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டும், அதைக் காதால் கேட்கவைக்க வேண்டும். இந்தப் பெட்டியை இரண்டு கட்டினால் அது முடியுமா? 0.093 படி என்கிறீர்கள், அது போதுமா?

தரமணி_பிட்:

டீச்சர், தாராளமாக முடியும். இரண்டு பெட்டி வேண்டாம், ஒரே பெட்டியில் இரண்டு ஏடி9833 போடுங்கள். ஆனால் இரண்டு மாட்யூலுக்கும் தனித்தனி கிரிஸ்டல் இருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும். ஒன்றின் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு மற்றதன் கிளாக்கையே இரண்டுக்கும் கொடுத்துவிட்டால் அவை ஒன்றுக்கொன்று விலகவே விலகாது.

படி பற்றிய கேள்வி நல்ல கேள்வி. ஷட்ஜத்துக்கு அடி எண் 2104 வையுங்கள், பஞ்சமத்துக்கு 3156. 2104-இல் ஒன்றரை மடங்கு சரியாக 3156. ஷட்ஜம் 195.95 ஆகிவிடும், 196 இல்லை, ஆனால் விகிதம் இரண்டுக்கு மூன்று, துளிகூடப் பிசகாது. எப்போதும் ஷட்ஜத்துக்கு இரட்டைப்படை எண்ணாக எடுத்தால் பஞ்சமம் முழு எண்ணாக வந்துவிடும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் 25 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கொடுங்கள், படி 0.004-க்கு இறங்கும்.

மயிலை_தம்பூரா:

நன்றி தம்பி. வெறும் சைன் அலையில் தம்பூராவின் ஜீவா, அந்த ரீங்காரம், வராது, கேட்க உயிரே இல்லாமல் இருக்கும் என்று தெரியும். துடிப்பைக் காட்ட எனக்கு அந்த உயிரில்லாத ஒலிதான் வேண்டும், உபசுரங்கள் இருந்தால் பிள்ளைகள் அதில் மயங்கிவிடுகிறார்கள். என் அக்கா பையனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப் போகிறேன்.

ரிட்டயர்டு_ஆசிலேட்டர்:

கொளத்தூர் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. இதை வைத்து ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷனை அளக்கப் போகாதே. 10 பிட் என்றால் ஏட்டுக் கணக்கிலேயே 62 டெசிபல், அதாவது இந்தப் பெட்டியே 0.1 சதவீதத்துக்குப் பக்கத்தில் அழுக்கைச் சேர்க்கும். எங்கே கிளிப் ஆகிறது, எந்த ஸ்டேஜில் சிக்னல் நிற்கிறது, டோன் கண்ட்ரோல் வேலை செய்கிறதா, இதற்கெல்லாம் பிரமாதம். 0.01 சதவீத ஆம்ப்பை அளக்க வீன் பிரிட்ஜ் என்ற அனலாக் ஆசிலேட்டர்தான். ஹியூலெட் 1939-இல் ஒரு சாதாரணக் குண்டு பல்பைப் போட்டு அதன் அலைவீச்சைக் கட்டுப்படுத்தினாரே, அதே சர்க்யூட். பல்பு சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கெயின் தானாகக் குறையும், அவ்வளவுதான் தந்திரம். ஹெச்பி கம்பெனியே அந்த ஆசிலேட்டரில் ஆரம்பித்ததுதான். அதையும் டிஜிட்டல் பாட் வைத்துத் திருகலாம் என்று எழுதுகிறார்கள், நான் முயன்று பார்த்தேன், ஒவ்வொரு படி மாறும்போதும் டப்பு டப்பு என்று அடித்துவிட்டு நிலைக்கு வர நேரம் எடுக்கும். டிஜிட்டலும் வேண்டும், சுத்தமும் வேண்டும் என்றால், உன் ஏடி9833-இலிருந்து சதுர அலையை எடுத்து மேக்ஸ்291 மாதிரி எட்டாம் ஆர்டர் ஸ்விட்ச்டு கெபாசிட்டர் ஃபில்டருக்குள் விடு, அதற்கு 100 மடங்கு கிளாக்கையும் சேர்த்துக் கொடு. ஃபில்டர் அலையோடு சேர்ந்தே நகரும், மூன்றாவது ஹார்மோனிக் 70 டெசிபலுக்கு மேல் அமுங்கிவிடும். ஆனால் 25 கிலோஹெர்ட்ஸோடு சரி. அதை அடுத்த பெட்டியாக வைத்துக்கொள்.

கொளத்தூர்_47கே:

ஐயா, சனிக்கிழமை போய் பில்லோடு இரண்டு டிஎல்072 வாங்கி வந்தேன், விலை பழையதைப் போல மூன்று மடங்கு. 50 கிலோஹெர்ட்ஸில் 6 வோல்ட், வழவழவென்று சைன்! 100-இல் மட்டும் 5 வோல்ட் சொச்சம் காட்டுகிறது. பழைய நாலு பீஸில் ஒன்றை அசிட்டோனில் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையானதுதான் மிச்சம், கீழே எழுத்து எதுவும் இல்லை. யூஎஸ்பி கழற்றி 7805 போட்டதும் பஞ்சுக் கோடும் போய்விட்டது.

ரிட்டயர்டு_ஆசிலேட்டர்:

100-இல் குறைவது இரண்டு காரணம். ஒரே ஸ்டேஜில் 10 மடங்கு கேட்கிறாய், டிஎல்072-இன் 3 மெகாஹெர்ட்ஸில் அது 300 கிலோஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கிறதே, இன்னொன்றைச் சும்மா விட்டிருக்கிறாய், ஆளுக்கு 3.2 மடங்கு என்று பிரித்துக் கொடு. இரண்டாவது, உன் ஸ்கோப்பே 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான், 100-இல் அதுவே கொஞ்சம் சாப்பிடும். அதை நம்பி ஜெனரேட்டரைத் திட்டாதே.

கொளத்தூர்_47கே:

பிரித்துப் போட்டேன், 5.6 காட்டுகிறது. மிச்சத்தை ஸ்கோப் கணக்கில் எழுதிவிடுகிறேன். அடுத்து டப்பா பார்க்க வேண்டும், பழைய டிவிடி பிளேயர் பாடி ஒன்று சும்மா கிடக்கிறது. டிரான்ஸ்பார்மரை அதில் எந்த மூலையில் வைத்தால் ஹம் குறைவாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூடி போட்டால்தான் கஸ்டமர் முன்னால் எடுத்து வைக்க முடியும், இப்போதைக்கு டாட் போர்டைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள்.